ஒருவழி வால்வு

எஞ்சின் ஆறிக் கிடக்கும்போதுதான் டிக் டிக் என்கிறது.
சூடேறினால் இரும்பு விரிந்து
வாயை மூடிக்கொள்கிறது.
அதனால்தான் ராத்திரியே விட்டுப் போகச் சொன்னேன்.

சோஹார் சனையா, காலை ஐந்தரை.
ஷட்டருக்கே வேர்த்திருக்கிறது.
தொண்ணூற்றிரண்டு மாடல் ஷெவர்லே வேன்,
அமெரிக்காவில் யாரோ ஓட்டித் தள்ளியது.
அந்த ஊர்ச் சட்டம் கேட்ட சாமான்கள் எதையும் கழற்றாமல்
கப்பலேறி வந்துவிட்டது:
காற்று பம்பு, அதன் வளைந்த குழாய்கள், வால்வுகள்.
இங்கே அவற்றை யாரும் கேட்பதில்லை.
முதலாளி மொய்தூட்டி வைத்திருக்கும் பெயர், நகை.

போன மாதமும் வந்தது இதே வண்டி.
பெட்ரோல் குடிக்கிறது என்றார் ஸுவைனா.
மீட்டரில் பார்த்தேன்.
ஆக்சிஜன் சென்சார் ஒரே பல்லவி:
காற்று அதிகம், காற்று அதிகம்.
பொய் சொல்கிறது என்று முடிவுகட்டிப்
புதுசு மாட்டினேன். பதினெட்டு ரியால்.
புதுசும் அதையே சொன்னது.
பழகட்டும் என்றேன்.
நான்தான் சொன்னேன்.

நேற்று சாவியைத் தரும்போது சிரித்துக்கொண்டே
பாதி அரபி பாதி இந்தியில் ஒரு சங்கதி:
நர்சரிப் பிள்ளைகள் பதினோரு பேர்,
முன்னெல்லாம் காக்காய்க் கூட்டம்,
இப்போது, மாஷா அல்லா,
ரவுண்டானா தாண்டும் முன்பே தூங்கிவிடுகின்றன.
ராசியான வண்டி என்கிறார்களாம் தாய்மார்கள்.
தனக்கு மட்டும் கொஞ்சம் தலைவலி.
வெயில்.

எனக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை.

வாக்குவம் கிளீனரின் பையைக் கழற்றி
ஊதுகிற பக்கத்தைத் துணி சுற்றி
சைலன்சர் வாலில் செருகினோம்.
ரோஃபிக் சோப்புத் தண்ணீர் தெளித்தான்.
மேனிஃபோல்டு கேஸ்கெட், குமிழி இல்லை.
இ.ஜி.ஆர். குழாயின் கழுத்து, இல்லை.
மீதி எஞ்சின் சீட்டுகளுக்கு நடுவே
பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது.
அங்கே கை போகாது. புகை போகும்.

ஆறு மணிக்கு வந்த ஸுவைனா
சீட்டுக்கடியிலிருந்து தூபக்காலை எடுத்தார்.
வாடை போக தினம் சாயங்காலம்
வண்டிக்குள் லுபான் போடுகிறாராம்.
என்ன வாடை என்று
போன மாதம் நான் கேட்டிருக்க வேண்டும்.

உறிஞ்சும் வாயருகே தூபக்கால்.
பிரார்த்தனைக்கு மேலே போகிற புகை
பின்பக்கமாக நுழைந்தது:
சைலன்சர், கன்வெர்ட்டர், வளைவு, மேலே.
பெட்டியின் மூடியைத் திறந்து
டார்ச்சோடு குனிந்திருந்தேன்.
முதலில் மணம்தான் வந்தது.
பிறகு பம்பின் குழாய் மேனிஃபோல்டைச் சேருமிடத்தில்,
தகர டப்பா மாதிரி ஒரு சின்ன வால்வின் இடுப்பில்,
வெள்ளையாய் ஒரு நூல்.

காற்று போகலாம், புகை திரும்பக்கூடாது.
அதற்கு அவ்வளவுதான் வேலை.
உள்தகடு உதிர்ந்துபோய்
மேலே ரப்பர் குழாய் வெந்து கருகியிருந்தது.
ஒவ்வொரு துடிப்புக்கும் கொஞ்சம் துப்பியிருக்கிறது,
கொஞ்சம் வெளிக்காற்றை இழுத்திருக்கிறது.
அந்தக் காற்றைத்தான் சென்சார் பார்த்தது.
பார்த்ததைச் சொன்னது.

"அறுத்து எறி, போல்ட்டு போட்டு அடை,
இங்கே யார் கேக்கப் போறா" என்றார் மொய்தூட்டி.
அடைக்கத்தான் போகிறேன்.
துபாயிலிருந்து வால்வு வரப் பன்னிரண்டு நாள்.

கசிவுக்கு அரபியில் என்ன வார்த்தையோ, தெரியவில்லை.
நூலைக் காட்டினேன்.
பின்சீட்டுகளைக் காட்டினேன்.
உள்ளங்கையில் கன்னம் சாய்த்து
கண்ணை மூடிக் காட்டினேன்.

ஸுவைனாவின் உதடுகள் அசைந்தன.
துஆ என்று நினைத்தேன்.
பெயர்கள். ஒவ்வொன்றாய், பதினொன்றும்.
பிறகு தூபக்காலைத் தரையில் வைத்துவிட்டு
அங்கேயே உட்கார்ந்து
தாய்மார்களுக்குப் போன் போட ஆரம்பித்தார்.

பதினெட்டு ரியாலை டேஷ்போர்டில் வைத்தேன்.
எடுத்தாரா என்று பார்க்கவில்லை.

ரெண்டு நாள் கழித்து சனையா முனை சிக்னலில்
அந்த வேன் என் பக்கத்தில் நின்றது.
டிக் இருக்கிறதா என்று
காதைக் கொடுத்துக் கேட்டேன்.
எஞ்சினே கேட்கவில்லை,
உள்ளே அத்தனை கூச்சல்.